பல நாள் கடல் பயணத்துக்கு எந்தக் கயாக்? புதியவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

முதல் கடல் கயாக்கை வாங்கப் போகிறவருக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் நான்கே வரிகளில் முடிந்துவிடும். அகலமாக வாங்கு, கவிழாது. நீளமாக வாங்கு, வேகமாகப் போகும். பெரிதாக வாங்கு, சாமான் நிறையக் கொள்ளும். சுக்கான் வைத்ததாகப் பார்த்து வாங்கு, இல்லாவிட்டால் திருப்ப முடியாது.

நான்கிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் நான்குமே காலிப் படகை அமைதியான தண்ணீரில் வைத்துச் சொல்லப்படுபவை. கூடாரம், தண்ணீர், சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஐந்தாறு நாட்கள் காற்றிலும் அலையிலும் போகும்போது அதே படகு வேறு விதமாக நடந்துகொள்கிறது. கடையில் நீங்கள் பார்ப்பது படகின் ஒரு பாதியைத்தான். மறுபாதி உங்கள் உடம்பும் சரக்கும். மூன்றும் சேர்ந்து தண்ணீரில் எப்படி உட்காருகின்றன என்பது புரிந்துவிட்டால், எந்தப் படகைப் பார்த்தாலும் நீங்களே எடைபோட்டுவிடலாம்.

எந்தப் படகைப் பற்றிப் பேசுகிறோம்

கயாக் என்ற பெயரில் பல படகுகள் இருக்கின்றன. மேலே பலகைபோல் உட்கார்ந்து ஓட்டுபவை, ஆற்று வேகத்துக்கான குட்டைப் படகுகள், ஏரியில் பொழுதுபோக்க இருப்பவை என்று வகைகள் அதிகம். பல நாள் பயணத்துக்கு வழக்கமாகப் பயன்படுவது கடல் கயாக். மேல்பக்கம் முழுவதும் மூடியிருக்கும். நடுவில் இடுப்பளவு திறப்பு ஒன்று. அதற்குள் காலை நீட்டி உட்கார வேண்டும். அந்தத் திறப்பின் பெயர் காக்பிட். இடுப்பில் பாவாடைபோல் அணிந்து காக்பிட்டின் விளிம்பில் இழுத்து மாட்டும் துணிதான் ஸ்பிரே ஸ்கர்ட். அலை மேலே விழுந்தாலும் தண்ணீர் உள்ளே போகாமல் அது பார்த்துக்கொள்ளும்.

ஒருவருக்கான கடல் கயாக் பொதுவாக 4.9 முதல் 5.5 மீட்டர் நீளம் இருக்கும். அகலம் 53 முதல் 60 செ.மீ. வரை. இதை முதலில் உருவாக்கியவர்கள் ஆர்க்டிக் கடலோரம் வாழ்ந்த வேட்டைக்காரர்கள். கடலில் ஒதுங்கும் மரத்தாலும் எலும்பாலும் சட்டம் கட்டி, அதன்மேல் கடல்நாய்த் தோலைத் தைத்தார்கள். அளவுகோல் அவர்கள் உடம்பேதான். இரு கைகளையும் விரித்த நீளத்தைப்போல் மூன்று மடங்கு படகின் நீளம். இடுப்பின் அகலத்தோடு இரண்டு முஷ்டி சேர்த்தால் படகின் அகலம் என்பது பரவலாக அறியப்பட்ட கணக்கு. ஓட்டுபவரின் உடம்பிலிருந்துதான் படகு தொடங்கியது. இன்று அச்சில் வார்த்த படகுகளை வாங்கும்போது இது எளிதில் மறந்துபோகிறது.

ஆட்டம் வேறு, கவிழ்தல் வேறு

கடல் கயாக்கில் முதலில் ஏறி உட்காரும் எவரும் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். இடுப்பை லேசாக அசைத்தாலே படகு ஆடும். உடனே, "இது கவிழ்ந்துவிடும், இதைவிட அகலமானதைக் காட்டுங்கள்" என்று கேட்கத் தோன்றும். தவறான படகுகள் பல இந்த ஒரு நிமிடத்தில்தான் விலைபோகின்றன.

எப்படிச் சாய்த்தாலும் எழுந்து நிற்கும் தலையாட்டி பொம்மையை நினைத்துப் பாருங்கள். அதன் கனமெல்லாம் அடியில் இருக்கிறது, அதனால் விழுவதில்லை. கயாக் அப்படிப்பட்டதல்ல. படகைவிடக் கனமான நீங்கள் அதன் அடியில் படுத்திருக்கவில்லை, நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் எடையெல்லாம் ஒரு புள்ளியில் குவிந்திருப்பதாகக் கொண்டால், அந்தப் புள்ளி ஏறக்குறைய தொப்புள் உயரத்தில், நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும். இதை எடை மையம் என்போம். அப்படியானால் படகு ஏன் நிற்கிறது?

தண்ணீர் படகை மேல்நோக்கித் தள்ளுகிறது. படகின் எந்தப் பகுதி தண்ணீருக்குள் இருக்கிறதோ, அந்தப் பகுதியின் நடுப்புள்ளி வழியாக அந்தத் தள்ளல் நடக்கிறது. இது மிதப்பு மையம். படகு நேராக இருக்கும்போது இரண்டு மையங்களும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கும். படகு வலப்பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் தண்ணீருக்குள் அதிகம் இறங்கும்; மிதப்பு மையமும் வலப்பக்கம் நகரும். எடை மையத்தைவிட மிதப்பு மையம் வெளிப்பக்கமாக நகர்ந்திருக்கும் வரை, தண்ணீர் படகைத் திரும்ப நிமிர்த்தும். எடை மையம் அதைத் தாண்டி வெளியே போனால் கவிழும். எல்லாப் படகுக்கும் இதுதான் விதி.

இப்போது இரண்டு வடிவங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று அகலமானது, அடிப்பாகம் தட்டையானது. சற்றுச் சாய்ந்தாலும் ஒரு பக்கம் நிறைய தண்ணீருக்குள் போவதால் மிதப்பு மையம் சட்டென்று நகர்ந்து படகை நிமிர்த்திவிடும். உட்கார்ந்தவுடன் அசையாமல் உறுதியாகத் தெரிவது இதனால்தான். இந்தத் தொடக்க உறுதிக்கு முதல்நிலை நிலைப்புத்தன்மை என்று பெயர். ஆனால் சாய்வு கூடிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் மிதப்பு மையம் நகர இடமிருக்காது. அதன் பிறகு படகு அதிக முன்னறிவிப்பு இல்லாமல் புரண்டுவிடும்.

இன்னொன்று குறுகலானது, அடிப்பாகம் சற்று வளைந்தது, பக்கங்கள் மேலே போகப்போக வெளிப்புறம் விரிபவை. நேராக இருக்கும்போது ஆடும். சாயச் சாய, விரிந்த பக்கங்கள் தண்ணீருக்குள் இறங்கி, எதிர்ப்பு கூடிக்கொண்டே வரும். ஓரத்தில் யாரோ தாங்கிப் பிடிப்பதுபோல் உணர்வீர்கள். இது இரண்டாம்நிலை நிலைப்புத்தன்மை. கடலில் இதன்மேல்தான் அதிகம் சாய்ந்திருக்க வேண்டியிருக்கும்.

அலை வரும்போது வித்தியாசம் இன்னும் தெளிவாகும். அகலமான படகு எப்போதும் நீர்ப்பரப்புக்கு இணையாக இருக்கவே முயலும். குளத்தில் நீர்ப்பரப்பு கிடைமட்டமாக இருப்பதால் அது நல்ல குணமாகத் தெரிகிறது. பக்கவாட்டில் வரும் அலையின் சரிவில் நீர்ப்பரப்பே சாய்ந்திருக்கும். படகும் அதோடு சாயும். உள்ளே இருக்கும் உங்களையும் சாய்க்கும். குறுகலான படகில் இடுப்பைத் தளர்வாக வைத்திருந்தால், படகு கீழே ஆடிக்கொண்டிருக்க நீங்கள் நிமிர்ந்தே இருக்கலாம். ஓர் அலை கடந்து போவது வெறும் இடுப்பசைவாக முடிந்துவிடும்.

இதைக் கேட்டுவிட்டு 50 செ.மீ. அகலப் படகை வாங்க ஓடவும் வேண்டாம். பல நாள் பயணம் என்றால் மூன்றாம் நாள் மாலை களைத்துப்போன உடம்போடும் ஓட்ட வேண்டும். வரைபடத்தை விரிக்க வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், உடன் வருபவரின் படகைப் பிடித்து உதவ வேண்டும். ஒவ்வொரு நொடியும் சமநிலையைக் கவனிக்கச் சொல்லும் படகு அப்போது எதிரியாகிவிடும். நடுத்தர உடல்வாகு உள்ள புதியவருக்கு 55 முதல் 58 செ.மீ. அகலத்தில் தேடத் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. இருக்கையின் உயரத்தையும் பாருங்கள். வசதிக்காக இரண்டு செ.மீ. பஞ்சு வைத்து உயர்த்தினால் எடை மையமும் ஏறும், ஆட்டம் கூடும்.

சுருக்கமாக: உட்கார்ந்ததும் தெரியும் ஆட்டம் படகின் பாதுகாப்பை அளக்காது. எவ்வளவு சாயும்வரை படகு உங்களைத் திரும்ப நிமிர்த்துகிறது என்பதே கேள்வி.

சரக்கு ஏறியதும் நடப்பது

பலரும் தவறவிடும் பகுதி இது. ஐந்து நாள் பயணம், வழியில் நல்ல தண்ணீர் கிடைக்காது என்று வைத்துக்கொள்வோம். குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு நான்கு லிட்டர் வீதம் 20 லிட்டர், அதாவது 20 கிலோ. சாப்பாடு நாளைக்கு ஒரு கிலோவுக்குக் குறையாது. கூடாரம், உறக்கப் பை, அடுப்பு, உடைகள், முதலுதவி, பழுதுபார்க்கும் பொருட்கள் எல்லாம் சேர்ந்து 20 முதல் 25 கிலோ. கூட்டினால் கிட்டத்தட்ட 50 கிலோ. படகே 25 கிலோதான் இருக்கும்!

இந்த 50 கிலோ படகை எவ்வளவு அமிழ்த்தும்? கடல் கயாக் நீர்மட்டத்தில் அடைக்கும் பரப்பு சுமார் 1.6 சதுர மீட்டர். அப்படியென்றால் ஒரு செ.மீ. அமிழ ஏறக்குறைய 16 கிலோ தேவை. 50 கிலோவுக்குப் படகு சுமார் மூன்று செ.மீ. இறங்கும். கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் ஆளோடு சேர்த்தே தண்ணீருக்குள் பத்துப் பன்னிரண்டு செ.மீ. மட்டும் இறங்கியிருக்கும் படகுக்கு மூன்று செ.மீ. பெரிய மாற்றம்.

அந்த மாற்றத்தில் பாதி நன்மை. சரக்கு படகின் அடித்தளத்தில் கிடப்பதால் மொத்த எடை மையம் கீழே இறங்குகிறது. கயாக் தலையாட்டி பொம்மையின் குணத்துக்குக் கொஞ்சம் நெருங்குகிறது. கடையில் பயமுறுத்திய ஆட்டம், சரக்கோடு பெரும்பாலும் காணாமல் போய்விடும். காலியாக இருக்கும்போதே கல்போல் நிற்கும் படகை வாங்கியவர், சரக்கேற்றியதும் மரக்கட்டையைத் தள்ளுவதுபோல் ஓட்ட வேண்டிவரும். மறுபாதி கெடுதல்: மேல்தளம் தண்ணீருக்கு நெருங்கி வருவதால் அலை அடிக்கடி ஏறி வரும், படகு திரும்பவும் வேகமெடுக்கவும் தாமதிக்கும்.

அப்படியானால் மிகப் பெரிய படகாக வாங்கிவிட்டால்? படகின் மொத்த உட்கொள்ளளவை லிட்டரில் சொல்வார்கள். பெரிய கொள்ளளவுள்ள படகில் எடை குறைந்த ஒருவர் சிறு சரக்கோடு உட்கார்ந்தால் அது தண்ணீருக்கு மேலே உயர்ந்து மிதக்கும். உயர்ந்து நிற்கும் பக்கங்களைக் காற்று பிடித்துக்கொள்ளும். 90 கிலோ எடையுள்ளவர் புகழும் படகு 55 கிலோ எடையுள்ளவருக்குக் காற்றில் அடங்காத படகாகிவிடுவது இப்படித்தான். தயாரிப்பாளர் தரும் அதிகபட்சச் சுமை எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அது பெரும்பாலும் படகு இன்னும் மிதக்கும் எல்லையைத்தான் காட்டும். நன்றாக ஓடும் எல்லை அதற்கு வெகு முன்பே வந்துவிடும். உங்கள் எடையையும் பயணச் சரக்கின் எடையையும் கூட்டி ஒரு எண்ணாக வைத்துக்கொண்டு, இந்தப் படகு எந்த எடைக்காக வடிவமைக்கப்பட்டது என்று கேளுங்கள். விற்பவருக்குப் பதில் தெரியாவிட்டால், அதே மாதிரிப் படகில் உங்கள் உடல்வாகுள்ளவர் யாராவது நெடும்பயணம் போயிருக்கிறாரா என்று தேடுங்கள்.

எடையைவிட இடம்தான் முதலில் தீரும் என்பதையும் நினைவில் வையுங்கள். கயாக்கின் இரு முனைகளும் கூம்பி முடிகின்றன. சாமான் வைக்கும் திறப்புக்கு ஹேட்ச் என்று பெயர்; நீள்வட்ட ஹேட்ச்சுகளில் பரவலான ஓர் அளவு 44க்கு 26 செ.மீ., வட்டமானவை அதைவிடச் சிறியவை. பெரிய பை ஒன்று உள்ளே போகாது. சிறிய பைகள் பத்து போகும். உங்கள் கூடாரத்தையும் சமையல் பாத்திரத்தையும் கையோடு கொண்டுபோய் அந்தத் திறப்பில் நுழைத்துப் பாருங்கள். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

நீளம் தரும் வேகம், எடுக்கும் வேகம்

படகு ஓடும்போது முன்முனையில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலை நீண்டுகொண்டே போகும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டும்போது, படகு தான் எழுப்பிய அலையின் பள்ளத்திலேயே சிக்கிக்கொள்கிறது. அதற்குமேல் வேகம் கூட்ட மிக அதிக உழைப்பு தேவைப்படும். தண்ணீரைத் தொடும் நீளத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.5ஆல் பெருக்கினால் அந்த எல்லை மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தோராயமாகக் கிடைக்கும். நான்கு மீட்டருக்கு 9. ஏறக்குறைய ஐந்து மீட்டருக்கு 10.

நீண்ட படகு வேகமானது என்ற பேச்சுக்கு அடிப்படை இதுதான். ஆனால் சரக்கோடு நாள் முழுவதும் துடுப்புப் போடுபவர் மணிக்கு 5, 6 கிலோமீட்டர்தான் போவார். அந்த வேகத்தில் அலையின் தடையைவிட, படகின் ஈரமான மேற்பரப்பு தண்ணீரோடு உரசும் தடைதான் அதிகம். மேற்பரப்பு கூடினால் உரசலும் கூடும். அதனால் 5.5 மீட்டர் படகு, மெதுவாக ஓட்டும் ஒருவரை 5 மீட்டர் படகைவிட அதிகம் களைப்படையச் செய்யக்கூடும். நீளத்தால் கிடைக்கும் உண்மையான லாபம், சரக்கு வைக்கும் இடமும் நேராக ஓடும் குணமும்.

நேராக ஓடும் குணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. படகைப் பக்கத்திலிருந்து பார்த்தால் அதன் அடிக்கோடு வாழைப்பழம்போல் லேசாக வளைந்திருக்கும். இந்த வளைவுதான் ராக்கர். வளைவு அதிகமானால் படகு எளிதாகத் திரும்பும், நேராக ஓடத் தயங்கும். சரக்கேற்றினால் முனைகளும் தண்ணீருக்குள் இறங்குவதால், மிதமான ராக்கர் உள்ள படகும் நன்றாக நேராக ஓடும். பல நாள் பயணத்துக்கு மிதமான வளைவு போதும்.

காற்று வந்தால் படகு ஏன் திரும்புகிறது

சுக்கானைப் பற்றிய வாதங்கள் முடிவில்லாமல் போவதற்குக் காரணம், அது எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது என்று பலர் கேட்பதில்லை. கயாக்கைத் திருப்பத் துடுப்பும் இடுப்பும் போதும். ஒரு பக்கம் அகலமாக வளைத்துத் துடுப்புப் போட்டு, படகைச் சற்று ஓரம் சாய்த்தால் திரும்பிவிடும். சிக்கல் வேறு: பக்கக் காற்றில் போகும்போது படகு தானாகவே காற்று வரும் திசையை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும்.

காரணம் இதுதான். முன்னே ஓடும் படகின் முன்முனை தண்ணீரைப் பிளந்துகொண்டு போகிறது. இரு பக்கமும் தண்ணீர் அதை அழுத்திப் பிடித்திருக்கிறது. பின்முனையைச் சுற்றியுள்ள தண்ணீர் ஏற்கனவே கலைந்து தளர்ந்திருக்கிறது. அங்கே பிடி குறைவு. பக்கத்திலிருந்து காற்று தள்ளும்போது முன்முனை நகராமல் நிற்கும், பின்முனை வழுக்கிக்கொண்டு போகும். விளைவாக முன்முனை காற்றின் பக்கம் திரும்புகிறது. படகை நிறுத்திவிட்டால் இந்தக் குணமும் பெரும்பாலும் அடங்கிவிடும். படகு காற்றுக்குக் குறுக்காக மிதக்கும். ஓடுவதால் வரும் விளைவு இது என்பதற்கு அதுவே சான்று.

நோய் தெரிந்துவிட்டால் மருந்து எளிது: பின்முனைக்குப் பிடி கொடுக்க வேண்டும். ஸ்கெக் என்பது படகின் பின்பகுதியில் அடியிலிருந்து இறங்கும் சிறு தகடு. திரும்பாது, ஏறி இறங்க மட்டும் செய்யும். மேலே ஏற்றிவைத்தால் படகு காற்றை நோக்கித் திரும்பும். பாதி இறக்கினால் பக்கக் காற்றிலும் நேராக ஓடும். முழுக்க இறக்கினால் பின்முனை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். முன்முனை காற்றோடு விலகும், காற்று முதுகில் அடிக்கும்போது இது உதவும். சுக்கானும் பின்முனைக்குப் பிடி கொடுக்கிறது, அதோடு கால் மிதிகளால் திருப்பவும் முடியும்.

எது நல்லது? இரண்டிலும் குறை இருக்கிறது. ஸ்கெக்கின் உறை பின் அறையில் இடத்தை அடைத்துக்கொள்ளும். கரையிலிருந்து கிளம்பும்போது கூழாங்கல் உள்ளே போய் அடைத்துக்கொள்வது வழக்கம். ஸ்கெக்கின் நுனியில் சிறு துளை போட்டுக் கயிறு ஒன்றை வளையமாகக் கட்டிவைத்தால், உடன் வருபவர் பின்னாலிருந்து இழுத்து விடுவிக்கலாம். சுக்கானின் கம்பிகள் அறுந்துபோகலாம். பின்முனை அலையின்மேல் எழும்பும்போது சுக்கான் தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிடலாம். பழைய வகைச் சுக்கான்களில் மிதி முழுவதும் முன்னும் பின்னும் நகர்வதால், அழுத்திப் பிடிக்கக் காலுக்கு ஊன்றுகோல் இருக்காது. கட்டை நகராமல் நுனி மட்டும் அசையும் மிதியாக இருந்தால் இந்தக் குறை இல்லை.

ஒருவர் ஓட்டும் படகில், கரையோரமாகப் போகும் பயணத்துக்கு நான் ஸ்கெக்கைத்தான் பரிந்துரைப்பேன். பாகங்கள் குறைவு, கால்கள் அசையாமல் ஊன்றியிருக்கும், சுக்கானை நம்பாமல் துடுப்பாலேயே திருப்பப் பழகுவீர்கள். நீண்ட திறந்த நீர்ப்பரப்புகளை அடிக்கடி கடப்பவருக்கும், இருவர் ஓட்டும் நீண்ட படகுக்கும், பாய் கட்டி ஓட்டுபவருக்கும் சுக்கான் உண்மையிலேயே உழைப்பை மிச்சப்படுத்தும். இரண்டும் இல்லாத படகை முதல் படகாக வாங்க வேண்டாம்.

சரக்கை அடுக்கும் விதமும் இதில் கை கொடுக்கும், கெடுக்கவும் செய்யும். முன்பக்கம் கனமானால் முன்முனை இன்னும் ஆழமாகப் பிடித்துக்கொள்ளும், காற்றை நோக்கித் திரும்பும் பழக்கம் மோசமாகும். பின்பக்கம் கொஞ்சம் கனமாக இருப்பது நல்லது. மிக அதிகமானால் காற்று படகைத் தன் திசையில் தள்ளிக்கொண்டு போகும், திருப்பவே முடியாது. தண்ணீர்ப் பைகள்போன்ற கனமானவற்றை இருக்கைக்கு அருகில், அடித்தளத்தில் வையுங்கள். உறக்கப் பை, உடைபோன்ற இலேசானவை முனைகளுக்கு. மேல்தளத்தில் மூட்டை கட்டுவதை முடிந்தவரை தவிர்க்கவும். எடை மையத்தை ஏற்றும், காற்றையும் பிடிக்கும், உதவிக்கு வருபவர் படகைப் பிடிக்கவும் தடையாக இருக்கும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: ஆட்டம், அமிழ்வு, காற்று ஆகிய மூன்றையும் தீர்மானிப்பது படகின் வடிவம் மட்டும் அல்ல, எடை எங்கே இருக்கிறது என்பதும்தான்.

உடம்போடு ஒட்டுவது

இடுப்பசைவால் படகை ஆள வேண்டுமானால், படகு உங்கள் உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். பாதம் ஊன்றுகட்டையில், தொடை மேல்தளத்தின் உட்புறப் பிடியில், இடுப்பு இருக்கையின் பக்கங்களில், முதுகின் கீழ்ப்பகுதி பட்டையில். இறுக்கம் தேவையில்லை, முழங்காலை உயர்த்தினால் தொடை பிடியில் படிய வேண்டும், இறக்கினால் விடுபட வேண்டும். உயரமான முதுகுச்சாய்வு சுகமாகத் தெரிந்தாலும், துடுப்புப் போட உடம்பைத் திருப்பும்போது தடுக்கும். ஸ்பிரே ஸ்கர்ட்டோடும் முட்டும்.

சிறிது தளர்வாக இருப்பதை இடுப்புப் பக்கம் பஞ்சு ஒட்டிச் சரிசெய்யலாம். மேல்தளம் மிக உயரமாக இருந்து தொடை எட்டவில்லை என்றால் அதைச் சரிசெய்வது கடினம். ஒரே வடிவத்தைச் சிறியவர், நடுத்தரமானவர், பெரியவர் என்று மூன்று அளவுகளில் செய்யும் தயாரிப்பாளர்கள் உண்டு. உடல் சிறியவர்கள், குறிப்பாகப் பெண்கள் பலர், இந்தச் சிறிய அளவு இருப்பதே தெரியாமல் பெரிய படகோடு போராடுகிறார்கள்.

மூடிய அறைகள்

கவிழ்ந்து, வெளியே வந்து, படகைத் திரும்ப நிமிர்த்தினால் காக்பிட் நிறையத் தண்ணீர் இருக்கும். அப்போதும் படகு மிதப்பதற்குக் காரணம், காக்பிட்டுக்கு முன்னும் பின்னும் இருக்கும் தடுப்புச் சுவர்கள். பல்க்ஹெட் என்பது அவற்றின் பெயர். அவை முனைகளைக் காற்று நிறைந்த அறைகளாக்குகின்றன. அதே அறைகள்தான் உங்கள் சரக்கறைகளும்.

1975இல் நார்வேயின் வடகோடியிலுள்ள நார்ட்காப் என்ற முனையை நோக்கிக் கயாக்கில் போன பிரிட்டிஷ் குழுவுக்காக ஃபிராங்க் குட்மன் ஒரு படகை வடிவமைத்தார். பயணத்தின் பெயரே படகின் பெயரானது. தடுப்புச் சுவரும் நீர்புகா ஹேட்ச்சும் கொண்ட பயணக் கயாக் என்றால் இதுதான் என்று அதன் பிறகு பலருக்கும் முன்மாதிரியாக இருந்தது நார்ட்காப். இன்று முன், பின் அறைகளோடு இருக்கைக்குப் பின்னால் கை எட்டும் தூரத்தில் சிறு அறை ஒன்றும் பல படகுகளில் இருக்கிறது. பகலில் தேவைப்படும் உணவும் மழைச்சட்டையும் அதில் இருந்தால், கடலில் பின் ஹேட்ச்சைத் திறக்கும் அபாயமே வராது.

இரண்டு முனைகளிலும் தடுப்புச் சுவர் இல்லாத படகைப் பயணத்துக்கு வாங்காதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பழைய படகு என்றால், ஹேட்ச்சுகளை மூடி, காக்பிட்டில் தண்ணீர் நிரப்பிக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, பிறகு அறைகளுக்குள் கையால் தடவிப் பாருங்கள். சுவரின் ஓரங்களில் ஈரம் இருந்தால் பசை விட்டிருக்கிறது என்று பொருள். சுவரில் ஊசித்துளைபோல் ஒன்று இருந்தால் பதறவேண்டாம். வெயிலில் உள்ளே காற்று விரிந்து மூடி பிதுங்காமல் இருக்க அதை வேண்டுமென்றே வைப்பதுண்டு. மேல்தளத்தின் ஓரம் முழுக்க நீளாத கயிறு கட்டியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தண்ணீரில் இருந்துகொண்டு படகைப் பிடிக்க உதவுவது அதுதான். இழுத்தால் நீளும் ரப்பர் கயிறு அதற்கு ஆகாது.

எதனால் செய்தது

இதைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது, அவ்வளவு தேவையில்லை. பாலித்தீன் பிளாஸ்டிக் படகு 25 முதல் 30 கிலோ இருக்கும், பாறையில் இழுத்தாலும் தாங்கும், விலை குறைவு. நீண்ட வெயிலில் நொறுங்கும் தன்மை வரும். கிழிந்தால் ஒட்டுவது கடினம். கண்ணாடியிழைப் படகு பொதுவாக 22 முதல் 26 கிலோ, விறைப்பானது, உடைந்தால் முகாமிலேயே இழைத்துணியும் பிசினும் வைத்துச் சரிசெய்யலாம். கார்பன், கெவ்லார் இழைகள் இன்னும் இலேசு, விலையும் அதிகம். மடக்கிப் பையில் போடும் துணிப் படகுகளும் உண்டு: ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932இல் உல்ம் நகரிலிருந்து அப்படிப்பட்ட படகில் கிளம்பி 1939இல் ஆஸ்திரேலியாவை அடைந்தார்.

சரக்கேற்றிய படகை எப்படியும் ஒருவரால் தூக்க முடியாது. ஐந்து கிலோ வித்தியாசம் கடலில் தெரியாது. நீங்கள் தனியாக வண்டியின் கூரைமேல் ஏற்ற வேண்டியவரா என்பதை மட்டும் யோசித்து முடிவெடுங்கள். முதல் படகுக்கு, நன்றாகப் பராமரித்த பழைய பிளாஸ்டிக் படகு மிகவும் தகுந்தது.

வாங்கும் முன்

படகை ஓட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். காலியாக ஓட்டிப் பார்த்தும் வாங்க வேண்டாம். தண்ணீர்ப் பைகளோ பாட்டில்களோ நிரப்பி 40 கிலோ அளவுக்கு ஏற்றுங்கள், நகராதபடி இறுக்கி அடையுங்கள். அனுபவமுள்ள ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கரைக்கு அருகில், கரையை நோக்கி மிதமான காற்று வீசும் நாளில் போங்கள். காற்றை எதிர்த்து, குறுக்காக, காற்றோடு என்று மூன்று திசையிலும் ஸ்கெக் அல்லது சுக்கான் இல்லாமல் ஒருமுறை, அதைப் போட்டு ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு இடுப்பளவு ஆழத்தில் வேண்டுமென்றே கவிழ்ந்து, வெளியே வந்து, துணைவரின் உதவியோடு திரும்ப ஏறுங்கள். காக்பிட் குறுகலா, பின் மேல்தளம் ஏறமுடியாத உயரமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

கடைசியாக, இறங்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். காலில் மரத்துப்போகும் உணர்வு வந்தால் ஊன்றுகட்டையை ஒரு படி தள்ளி வைத்து, தொடைக்குக் கீழே சிறிது தாங்கல் கொடுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் மரத்தால், வேறு எல்லாம் சரியாக இருந்தாலும் அடுத்த படகைப் பார்க்கலாம்.